மூடிய வாய்க்கு வசனம் இல்லை

என் அண்ணிக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகச் சபையிலிருந்து வந்து சொன்ன அன்று எனக்கு வந்த கோபத்தில், வந்த பெண்ணுக்குச் சர்க்கரை போடாமல் காபி கொடுத்தேன். மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். அவளும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, "காபி நல்லா இருக்குங்க அக்கா" என்றாள். கோயம்புத்தூர்க்காரி. அந்த ஊர்ப் பெண்களிடம் சண்டைக்கு நிற்பதுபோலக் கஷ்டமான காரியம் வேறு கிடையாது.

ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? செய்த வரைக்கும் போதும், இனிமேல் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுங்கள் என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் சபையில் வருடா வருடம் அறுப்பின் பண்டிகை நடக்கும். காலையில் ஆராதனை, பிறகு பிரியாணி. சாயங்காலம் ஏலம்: சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காயும் கேக்கும் உயிர்க்கோழியும் போட்டி போட்டு விலை ஏறும். பிரியாணிக்கும் ஏலத்துக்கும் நடுவில் உண்ட மயக்கத்தில் யாரும் வீட்டுக்குப் போய்விடக் கூடாதே என்று, சபை மண்டபத்தில் ஜன்னலுக்கெல்லாம் ஜமக்காளத்தைக் கட்டி இருட்டாக்கி ஒரு கார்ட்டூன் போடுவார்கள். எப்போதும் அதே கார்ட்டூன்தான். ஏழு நிமிடப் பழைய இங்கிலீஷ் படம். அதில் ஒரு முள்ளம்பன்றியும் ஒரு நாரையும் தவிர வேறு யாரும் கிடையாது.

அந்தப் படத்துக்குச் சத்தம் இல்லை. மண்டபத்து இரும்பு பீரோவில் யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போன ரீலை, பிரேசர் டவுனில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் கொடுத்து டிஸ்க்காக மாற்றினோம். அவர் படத்தை மாற்றிக் கொடுத்தார், சத்தம் வரவில்லை. கேட்டதற்கு, "கார்ட்டூன்தானே மேடம், பாத்தாலே சிரிப்பு வரும்" என்றார்.

முதல் வருடம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நானே அங்கே இருந்தேன். திரையில் முள்ளம்பன்றி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறது. கோட்டு போட்ட நாரை, இடுப்பில் பெரிய சாவிக்கொத்தோடு கதவைத் திறக்கிறது. இரண்டும் ஏதோ பேசுகின்றன. திடீரென்று முள்ளம்பன்றியின் வயிற்றில் நெருப்புப் பற்றி எரிகிறது. ஏன் எரிகிறது, யார் வைத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் நாற்காலிகளை இழுத்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். படம் போட்டவர் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தார்.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னா சார், பத்து மாச அட்வான்ஸா? வயிறு எரியுதே சார்!"

மண்டபமே ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. பேசியது என் அண்ணி. குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாகப் புதுப்பெண் கோலத்தில் உட்கார்ந்திருந்தவர், அடுத்ததாக நாரையின் குரலிலும் பேசினார். என் அம்மா அவர் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன். கிள்ளியும் நிற்கவில்லை. போதகர் எழுந்து போய் மைக்கை எடுத்துவந்து புதுப்பெண் கையில் கொடுத்தார். அதற்குமேல் அம்மா என்ன செய்ய முடியும்?

எங்கள் வீடு அப்போது சின்னது. அண்ணனும் அண்ணியும் அந்த மாதங்களில் வாடகைக்கு வீடு தேடித் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தார்கள். அதனால் கையில் பெட்டியோடு கதவைத் தட்டும் ஜீவனையும் சாவிக்கொத்தோடு திறக்கும் ஜீவனையும் பார்த்ததும், ஒன்று குடித்தனக்காரன், மற்றது ஹவுஸ் ஓனர் என்று அண்ணிக்குச் சந்தேகமே வரவில்லை. மண்டபத்தில் யாருக்கும் வரவில்லை. பெங்களூரில் ஒருவன் பெட்டியோடு வாசலில் நின்றால் வேறு எதற்கு நிற்பான்?

ஆனால் அண்ணி கண்டுபிடித்தது அது மட்டுமல்ல, அதைத்தான் நான் இன்றைக்கும் வியந்துகொண்டிருக்கிறேன். சத்தமே இல்லாத படத்தைப் பார்த்துவிட்டு, "இவங்க வாயில என்ன சொல்றாங்களோ அது அப்படியே நடக்குது, அதான் காமெடி" என்று சட்டென்று பிடித்துக்கொண்டார். படம் முழுக்கவே பேச்சு விளையாட்டு. அந்தப் பேச்சு என்னவென்று நமக்குத் தெரியாது. அதனால் என்ன, நம்மிடம் பேச்சா இல்லை? முள்ளம்பன்றியின் கையில் நீளமாகக் கயிறு வந்தால், "புரோக்கர் திரிச்ச கயிறு சார் இது!" நாரை அதன் காலைப் பிடித்து இழுத்தால், "நம்பி வந்தேன், காலை வாரிட்டீங்களே!" கால் இரண்டும் பனிக்கட்டிக்குள் உறைந்துபோனால், "வாடகையைக் கேட்டதும் கையும் ஓடல, காலும் ஓடல!"

நாரை பாதி கன்னடத்தில் பேசும். "மனே காலி இதே, வீடு காலிதான். ஆனா நான்-வெஜ் தின்றவங்களுக்குக் கொடுக்கறதில்ல" என்று மூக்கை உயர்த்தும். படத்தில் முள்ளம்பன்றி சுவரில் சாய்ந்து முள் குத்தி ஒட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. அங்கே நாரை அலறும்: "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா!" வாடகை வீட்டில் ஒரு காலண்டர் மாட்டுவதற்குக் கைகட்டி நின்ற எல்லாருக்கும் அந்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

அண்ணி எதையும் எழுதி வைத்துக்கொள்ள மாட்டார். வருடத்துக்கு வருடம் பாதி வசனம் மாறும். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. பக்கத்திலேயே பிரஸ் மெஷின்கள் டமால் டமால் என்று அடித்துக்கொண்டிருக்கும். யார் பேசினாலும் காதில் விழாது. வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே பழகிய கண் அது. போகும்போதும் வரும்போதும் பஸ் ஜன்னல் வழியாக, சிக்னலில் ஸ்கூட்டர்க்காரனும் ஆட்டோக்காரரும் போடும் சண்டைக்கு மெல்லிய குரலில் வசனம் போட்டுக்கொண்டே வருவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு வயிற்றுவலியே வந்துவிட்டது.

அவரிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. படத்தில் வாய் அசைந்தால்தான் பேசுவார். மூடிய வாய்க்கு வசனம் கிடையாது.

இந்தச் சட்டத்தால் வீட்டில் வருடா வருடம் ஒரு வாக்குவாதம் நடக்கும். படத்தின் கடைசியில் நாரை கதவைப் படீரென்று சாத்திவிடும். முள்ளம்பன்றி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகத் திரும்பி நம்மைப் பார்க்கும். சும்மா பார்த்துக்கொண்டே நிற்கும், அவ்வளவுதான். கண் மட்டும் ஒரு தடவை இமைக்கும். அது கொஞ்ச நேரமும் அல்ல; இப்போது நினைத்தாலும் அந்த இடம் ரொம்ப நீளம். பிறகு கதவு லேசாகத் திறந்து, நாரையின் அலகு மட்டும் வெளியே வந்து அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். படம் முடிந்துவிடும்.

அண்ணன் அவனுடைய பெங்களூர்த் தமிழில் சொல்வான்: "அவ்ளோ நேரம் யாராவது சும்னே நிப்பாங்களா? ஒரிஜினல்ல அங்க கண்டிப்பா ஏதோ டயலாக் இருக்கும். பின்னால இருந்து ஒரு குரலாவது வரும். நீ நல்ல இடத்தைக் கோட்டை விடற."

"அவன் வாயத் திறக்கலயே. நான் எப்படித் திறக்கிறது?" என்பார் அண்ணி.

"மைக் உன் கையிலதானே இருக்கு?"

"மைக் என் கையில. வாய் அவனோடது."

அந்த இடம் வரும்போது அண்ணி மைக்கைக் கீழே இறக்கிவிடுவார். மண்டபம் அமைதியாகும். பிறகு எங்கோ ஒரு மூலையில் ஒருவர் கிளுக்கென்று சிரிப்பார். அது பரவிப் பரவிக் கடைசியில் ஆணி வசனத்துக்கு வந்ததைவிடப் பெரிய சிரிப்பாகிவிடும். ஏன் சிரிக்கிறோம் என்று எனக்குப் பல வருடம் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். காரணம் தெரியாமல் விடை சரியாக வந்தால் எனக்குப் பிடிக்காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் வந்து சேர்ந்தாள். ஐ.டி. வேலைக்காகப் பெங்களூருக்கு வந்தவள், நன்றாகப் பாடுவாள், வந்த வேகத்தில் இளைஞர் சங்கச் செயலாளர் ஆகிவிட்டாள். அந்தப் படத்தின் சுத்தமான பிரதி, கலரும் சத்தமும் பளிச்சென்று, அவளுக்கு எங்கோ கிடைத்துவிட்டதாம்.

"இந்த வருசம் ஒரிஜினலையே போட்டுறலாம்னு கமிட்டில பேசிட்டோம்ங்க ஆன்ட்டி. இத்தனை வருசம் நீங்க பேசுனதுக்கு நன்றியா மேடையில உங்களுக்குப் பொன்னாடை போர்த்தறோம்ங்க" என்றாள்.

அண்ணி, "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். சிரித்தார். வாசல் வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தவர் கழுவிக்கொண்டே இருந்தார். நான் குழாயை மூடினேன்.

"அண்ணி, முடியாதுன்னு சொல்லியிருக்கணும் நீங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"எப்பிடிடி சொல்றது? அது அவங்க படம். நான்தான் அதுல புகுந்து குடித்தனம் பண்றேன்."

"இத்தனை வருஷமா எல்லாரும் சிரிக்கல?"

"சிரிச்சாங்க. ஆனா நான் சொன்னது எல்லாமே தப்பா இருந்தா? அங்க வேற ஏதோ பெரிய விஷயம் பேசியிருந்தா? நான் பாட்டுக்கு ஆணி, அட்வான்ஸுன்னு உளறிட்டு..." கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "ஃபேக்டரில நான் டிஸ்பேட்ச் மேடம். இங்க உங்கண்ணன் பொண்டாட்டி. அந்த ஏழு நிமிஷம்தான்டி நான் நானு."

எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் அடுத்து கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமை பாடல் பயிற்சி முடிந்ததும் செயலாளரைப் படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டேன். முந்தாநாள் வந்தவளுக்கு எங்கள் வீட்டு அருமை என்ன தெரியும் என்பதிலிருந்து ஆரம்பித்து ஒரு மூச்சு பேசினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி பேசறது எனக்கும் ரொம்பப் பிடிக்குங்க அக்கா. ஆனா உள்ள என்னதான் இருக்குதுன்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு ஆசையே இல்லீங்களா?" என்றாள்.

இருந்தது. அதனால்தான் அதற்குமேல் என்னால் சண்டை போட முடியவில்லை.

முன்கூட்டியே ஃபோனில் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவள் படத்தை அனுப்பினாள். அண்ணி தொடவே இல்லை. "எல்லாரோடயும் உக்காந்து பாக்கறேன். தப்புன்னா எல்லாருக்கும் முன்னாலயே தப்பாகட்டும்" என்றார். அந்தத் தைரியம் எனக்குக் கிடையாது. அன்று இரண்டு தடவை ஃபோனைத் திறந்து, பார்க்காமலே மூடிவிட்டேன்.

பண்டிகையன்று பிரியாணி முடிந்தது. ஜமக்காளம் கட்டினார்கள். முன்வரிசையில் அண்ணி, பக்கத்தில் நான், அந்தப் பக்கம் அண்ணன். செயலாளர் ஒரு தட்டில் பொன்னாடையை மடித்து வைத்துக்கொண்டு மேடை ஓரமாக நின்றாள். சரிகை மின்னியது. படம் ஆரம்பித்தது.

முதலில் வாத்திய இசை வந்ததும் மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. எங்கள் முள்ளம்பன்றிக்கு அத்தனை பச்சையாய் ஒரு தொப்பி உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. கதவைத் தட்டியது. நாரை திறந்தது. இரண்டும் பேசின.

அது வீடே அல்ல. அது ஒரு நாடகக் கொட்டகை. நாரை அதன் மேனேஜர். இடுப்பில் தொங்கியது கொட்டகைச் சாவி. முள்ளம்பன்றி ஒரு நடிகன். மேடையில் ஏற ஒரே ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டு வந்திருக்கிறான். வயிற்றில் நெருப்பு என்றால் இங்கிலீஷில் வயிற்றெரிச்சல் இல்லையாம், சாதிக்கத் துடிக்கும் வேகமாம். காலை இழுப்பது துரோகம் இல்லையாம், கேலியாம். காலில் பனி உறைந்தது மேடை பயத்தினால். நாங்கள் இத்தனை வருடம் குடிவைத்திருந்த ஆள் வீடு தேடியே வரவில்லை.

படம் அருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொரு பேச்சும் ஒவ்வொரு படமாக மாறுவதை அந்தக் காலத்தில் யாரோ உட்கார்ந்து கையால் வரைந்திருக்கிறார்கள். இளசுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர்கள் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் சிரித்தார்கள். முள்ளம்பன்றி சுவரில் ஒட்டிக்கொண்டபோது பின்னாலிருந்து ஒரு பெரியவர் தன்னையறியாமல் "ஆணி!" என்று கத்திவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் அண்ணியைப் பார்த்தேன். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்திக் கொடுக்கும்போது பிள்ளைகள் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார். எல்லாமே தப்பு. வரிக்கு வரி தப்பு.

நாரை கதவைப் படீரென்று சாத்தியது. அந்தச் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம், பலர் திடுக்கிட்டார்கள். முள்ளம்பன்றி பெட்டியைக் கீழே வைத்தது. திரும்பி எங்களைப் பார்த்தது.

அண்ணன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். இப்போது அந்த டயலாக் வரும்.

ஒன்றும் வரவில்லை. அதுவரை ஓயாமல் வாசித்துக்கொண்டிருந்த வாத்தியங்கள்கூட நின்றுவிட்டன. ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. மின்விசிறி ஓடுவது கேட்டது. வாய்ப்புக் கேட்டு வந்து வாசலில் நின்றவன் நம்மைப் பார்க்கிறான், ஒரு தடவை இமைக்கிறான், அவ்வளவுதான். யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். மண்டபம் முழுவதும் பரவியது, எப்போதும் பரவுவதுபோலவே.

அண்ணியின் கை என் கையைப் பிடித்தது. வளையல் என் மணிக்கட்டில் அழுந்தி வலித்தது.

"அவங்களும் பேசலடி," என்றார். "பாத்தியா? அங்க அவங்களும் பேசல." கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "ஒத்துக்கறேன்பா" என்றான்.

கண் காணாத தேசத்தில், எந்தக் காலத்திலோ, யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து, அங்கே ஒரு வார்த்தைகூட வைக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறார். இங்கே குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு பெண், மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே அதே முடிவை எடுத்திருக்கிறார். என் அண்ணி என்று ஊருக்கே கேட்கும்படி கத்த வேண்டும்போல இருந்தது.

விளக்குப் போட்டார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் செயலாளர் தட்டோடு எங்களை நோக்கி வந்தாள். அண்ணி எழுந்தார். அவருக்குப் போர்த்திவிட வசதியாகத்தான் எழுந்து நிற்கிறார் என்று எல்லாரும் நினைத்தோம்.

"இரும்மா. அதை அப்பிடி வை," என்றார் அண்ணி. "லைட்டை ஆஃப் பண்ணச் சொல்லு. சவுண்டையும்தான். மைக் எங்க?"

அண்ணி இப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை. செயலாளர் முகமெல்லாம் சிரிப்பாக, தட்டை என் மடியில் வைத்துவிட்டு அவளே ஓடிப்போய் மைக்கை எடுத்துவந்தாள்.

படம் மறுபடியும் ஆரம்பித்தது. கலர் புதுசு, சத்தம் மட்டும் இல்லை. முள்ளம்பன்றி கதவைத் தட்டியது. "மனே காலி இதேயா சார்?" என்று ஆரம்பித்தார் அண்ணி. கொட்டகை, நடிகன் எதையும் அவர் தொடவில்லை. அது அவர்கள் கதை. அன்று அவர் பேசிய மாதிரி அதற்கு முன் பேசியதில்லை. நாரைக்கு அகம்பாவம் கூடியிருந்தது, முள்ளம்பன்றிக்கு ரோஷம் வந்திருந்தது. ஆணி வசனத்தை அவர் சொல்லவே தேவைப்படவில்லை. அவருக்கு முன்னால் மண்டபமே சொல்லிவிட்டது.

நாரை கதவைச் சாத்தியது. நான் திரையைப் பார்க்கவில்லை. அண்ணி மைக்கை மெதுவாக இறக்கி, எங்களைத் திரும்பிப் பார்த்து நின்றார். வாய் மூடியிருந்தது. கண் ஒரு தடவை இமைத்தது.

பிறகு சாயங்காலம் ஏலம் நடந்தது. போர்த்தாமல் மிஞ்சிய பொன்னாடையைத் திருப்பிக் கொண்டுபோக யாருக்கும் மனம் வராமல், அதையும் பூசணிக்காய்க்கும் கோழிக்கும் நடுவில் வைத்துவிட்டார்கள். யாரையும் விடாமல் போட்டி போட்டு நான்தான் எடுத்தேன். வீட்டில் பீரோவின் அடித்தட்டில் பூட்டி வைத்திருக்கிறேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. நான் உயிரோடு இருக்கும்வரை அதை யாரும் அண்ணிக்குப் போர்த்த முடியாது.